சுமக்கேலாததைச் சுடாதை

எங்கள் வீட்டுக் கராஜின் வளையில் ஒரு தொங்குதராசு இருக்கிறது. வட்ட முகமும் கீழே கொக்கியும் உள்ள, மீன் வாடிகளில் கண்டிருக்கக்கூடிய சாதாரணத் தராசுதான். சிட்னியின் டூங்கபியில் எங்கள் ஆட்களின் கராஜ்களில் கார் நிற்பது அரிது. கறி அடுப்பு, இரண்டாவது குளிர்பெட்டி, ஊரிலிருந்து வந்த அம்மி என்று ஏதாவது காரின் இடத்தைப் பிடித்திருக்கும். என் கராஜில் இவற்றோடு தராசும். வேட்டைக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு என் முதுகுப்பையை அந்தக் கொக்கியில் மாட்டி நிறுப்பேன். 12 கிலோவைத் தாண்டினால் எதையாவது வெளியே எடுத்து வைப்பேன். மனைவி கதவோரம் நின்று சிரிப்பா.

"மரை இன்னும் காட்டிலை நிக்குது. நீங்கள் இஞ்சை நிறுக்கிறியள்."

வேட்டையில் முதலில் பார்க்க வேண்டியது நிறை என்று எனக்குச் சொல்லித்தந்தவர் ஐயா. வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வயல். பன்றிக்கும் மானுக்கும் காவல் இருக்க வீட்டில் இடியன் துவக்கு ஒன்று இருந்தது. ஆடி, ஆவணியில் குளங்கள் வற்றி, காட்டு விலங்குகளெல்லாம் மிஞ்சியிருக்கிற மோட்டைத் தண்ணீருக்கு வரத் தொடங்கும்போது ஐயா அந்தத் துவக்கோடு காட்டுக்குள் போவார். மான், மரை சுடுவதைக் கட்டுப்படுத்தி 1937இலேயே சட்டம் வந்துவிட்டது. அது ஐயாவுக்கும் தெரியும், விதானையாருக்கும் தெரியும். அதை நியாயப்படுத்த எனக்கு எண்ணமில்லை. அந்த வயதில் எனக்கு அது இறைச்சி, அவ்வளவுதான்.

பாலை மரத்தடியில் அவர் எருக்கலம் பஞ்சைக் கிள்ளி மேலே விடுவார். அது போகிற பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. காற்றுப் பார்த்த பிறகு அவர் பார்ப்பது, வண்டிப்பாதை எவ்வளவு தூரம் என்று. முழு வளர்ந்த கலை மரை ஒன்று எங்களுக்கு நேரே நின்றும் அவர் துவக்கைத் தூக்காமல் விட்டதை இரண்டு முறை கண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது மூன்று சொல்கூட இல்லை.

"சுமக்கேலாததைச் சுடாதை."

பங்கு பிரிப்பதும் அந்தக் கணக்கில்தான். துவக்குக்கு ஒரு பங்கு, சுட்டவருக்கு ஒரு பங்கு, சுமந்தவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. எல்லாம் ஒரே அளவு. வெடி வைத்தவன் என்பதற்காக ஒரு விரல் அகலம்கூட மேலதிகமாக வெட்டிக்கொடுப்பதில்லை. மிஞ்சியதை உப்பிட்டு வாட்டி வற்றலாக்குவார்கள். கொஞ்சம் தேனுக்குள் போகும். மாரியில் அம்மா அந்தப் போத்தலைத் திறக்கும்போது வீடே காடு மணக்கும்.

நான் சிட்னிக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். வந்த கையோடு களஞ்சியசாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் வேலை. 1996 ஏப்ரல் 28ஆம் திகதி டாஸ்மேனியாவின் போர்ட் ஆதரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக்கொன்ற செய்தியை வேலையிடத்துச் சாப்பாட்டறைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். எங்கள் ஊரில் அப்படியான செய்திக்குப் பிறகு துவக்குகள் கூடும். இங்கே குறைந்தன. அரைத் தானியங்கித் துவக்குகளைப் பெரும்பாலும் தடைசெய்தார்கள். அரசே பணம் கொடுத்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துவக்குகளைத் திருப்பி வாங்கி நொறுக்கியது. சட்டம் இறுகின பிறகுதான் நான் விண்ணப்பித்தேன், 2006இல். துவக்கு வேண்டும் என்று கேட்பவர் தகுந்த காரணம் காட்ட வேண்டும். தற்காப்பு என்று எழுதினால் கிடைக்காது. பாதுகாப்பு வகுப்பு, சோதனை, காத்திருப்பு, சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டி, அதைப் பார்க்க வருகிற பொலிஸ்.

மனைவி அந்தப் பெட்டியைக் கண்டதும் ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. "வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்" என்றா. என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. வீட்டில் ஒருநாளும் துவக்கைத் துடைப்பதில்லை, படம் எடுப்பதில்லை, பிள்ளைகளின் நண்பர்களுக்குக் காட்டுவதில்லை என்று மூன்று உறுதி கொடுத்தேன். அவை இன்றுவரை நிற்கின்றன.

முதல் மூன்று வருடம் நீல மலைகளைத் தாண்டி ஓபரன் பக்கத்துப் பைன் காடுகளில் கழிந்தது. நியூ சவுத் வேல்ஸில் அரசுக் காட்டுக்குள் போக வேட்டை அனுமதிப்பத்திரம் தனி. இன்ன காட்டுக்கு இன்ன நாளில் என்று முன்பதிவு தனி. செம்மஞ்சள் நிற மேலங்கியோ தொப்பியோ கட்டாயம். மானுக்கு அந்த நிறம் எங்களுக்குத் தெரிவதுபோல் எடுப்பாகத் தெரியாது. அது மற்ற வேட்டைக்காரனுக்காகப் போடுவது. அங்கே இருப்பது ஃபேலோ என்கிற ஐரோப்பிய மான். கொம்பு உள்ளங்கைபோல விரிந்திருக்கும். ஏப்ரலில் கலைகள் பன்றி மாதிரி உறுமிக்கொண்டு திரியும். சத்தம் வந்த பக்கம் போனால் மான். அதை வேட்டை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். மரை அப்படி இடம் காட்டித் தராது.

மரையைத் தேடித்தான் விக்டோரியாவுக்குப் போனேன். டூங்கபியிலிருந்து பத்து மணி நேரத்துக்கும் மேலான கார் ஓட்டம். ஓடி முடிக்கிற இடத்திலும் ஒரு டூங்கபி இருக்கிறது. கிப்ஸ்லாந்தில், மலை தொடங்குகிற அடிவாரத்தில், ஒருகாலத்தில் வல்ஹல்லா தங்கச் சுரங்கங்களுக்குச் சாமான் ஏற்றின சிறிய ஊர். எங்கள் டூங்கபி 1791இல் ஆளுநர் ஃபிலிப் கைதிகளை வைத்து அரசாங்கப் பண்ணை போட்ட இடம். அந்த நிலம் டாருக் மக்களுடையது; ஆதிக்குடிப் போராளி பெமுல்வுய் 1797இல் அந்தப் பண்ணையைத் தாக்கினான். "டூங்கபியிலிருந்து வருகிறேன்" என்று நான் சொன்னபோது ஹேஃபீல்ட் பெற்றோல் கடையில் நின்ற கிழவர், "பக்கத்தில்தானே" என்றார். விளக்கியதும் சிரித்தார். மர ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து அவர் எனக்கு மலை வாத்தியார்.

நான் தேடிப்போன மரை ஒருவகையில் எங்கள் ஊர்க்காரர்தான். விக்டோரியாவுக்குப் புது விலங்குகளைக் கொண்டுவந்து பழக்க 1861இல் மெல்போர்ன் பெரியமனிதர்கள் சங்கம் ஒன்று வைத்தார்கள். அந்த அறுபதுகளிலேயே இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மரைகள் கப்பலில் வந்தன. கூ வீ ரப் சதுப்புநிலப் பக்கம் விட்டவை மெல்ல மெல்ல மலையேறி, இன்று விக்டோரியாவின் கிழக்கு மலைகள் முழுக்கப் பரவி, நியூ சவுத் வேல்ஸுக்குள்ளும் கால் வைத்துவிட்டன. சிட்னிக்கு மான் அதற்கும் முந்தியே வந்தது. பரமட்டாவுக்கு அடுத்த ஹாரிஸ் பார்க் நிறுத்தத்துக்குப் பெயர் கொடுத்த வைத்தியர் ஜோன் ஹாரிஸ், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தியப் புள்ளிமானை இங்கே இறக்கியவர். இன்றைக்கு ஹாரிஸ் பார்க்கில் தோசை சாப்பிட வரிசையில் நிற்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

தமிழ்நாட்டு நண்பர்கள் மரையைக் கடமான் என்பார்கள், மிளா என்பார்கள். எங்களுக்கு மரை. சங்கப் பாட்டுகளிலும் அதே பெயர். நுவரெலியாவில் நாய்களோடு மரை துரத்தின சாமுவேல் பேக்கர் காலத்து வெள்ளைக்காரர் அதை 'எல்க்' என்றார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் ஆள் ஒன்றுதான். கலை 200 கிலோவைத் தாண்டும். கரும்பழுப்பு மயிர், தட்டையில்லாத கனத்த கொம்பு, பக்கத்துக்கு மூன்று கிளை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு முட்பற்றைக்குள் ஒரு சுள்ளி முறியாமல் போகும்.

வன்னிக் காடு தட்டை. அங்கே நான் கற்ற காற்று ஒரு பக்கம் வீசும் காற்று. மலையில் காற்று தண்ணீர் மாதிரி நடந்துகொள்கிறது. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவு வழியே கீழே வழியும். காலை ஒன்பது, பத்து மணிக்கு வெயில் சரிவில் விழுந்ததும் அதே காற்று சூடாகி மேலே ஏறும். பின்னேரம் நிழல் விழத் திரும்பவும் கீழே. ஆகவே விடியற்காலையில் மரைக்குக் கீழே நிற்க வேண்டும், நடுப்பகலில் மேலே. இது தெரியாமல் முதல் மூன்று பயணத்தில் நான் மலையெல்லாம் என் வியர்வை மணத்தை விநியோகித்துக்கொண்டு திரிந்தேன். நான் கண்டதெல்லாம் ஈரமான அடிச்சுவடு. கேட்டதெல்லாம் அதன் எச்சரிக்கைக் குரல். பழைய இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் வளைவில் அடிக்கிற ஹோன் போல ஒரே ஒரு முறை. பிறகு முன்காலால் நிலத்தில் ஓர் உதை. அதோடு அந்தப் பள்ளத்தில் அன்றைய வேலை முடிந்தது.

இன்னொன்றையும் திருப்பிப் போட வேண்டியிருந்தது. பூமத்தியரேகைக்குத் தெற்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வருகிறது. ஜூன், ஜூலையில் மரை பகல் முழுக்க வடக்குப் பார்த்த சரிவில், பின்னால் மரம், முன்னால் திறந்த பள்ளம் என்று பார்த்துப் படுத்திருக்கும். கிழவர் எனக்கு வரைபடத்தில் பென்சிலால் அந்தச் சரிவுகளை நிழலிட்டுக் காட்டினார். புதுச் சேற்றுக் குளிப்பு, கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரம், கறுத்து மினுங்கும் புழுக்கை. மூன்றும் ஒரே சரிவில் கிடந்தால் அங்கே நடப்பதை நிறுத்திவிட வேண்டும். ஓர் அடி, பிறகு நூறு எண்ணும்வரை பார்வை. முழு மானைத் தேடினால் காண முடியாது. காது மடல், மூக்கு நுனி, நெட்டான மரங்களுக்கு நடுவில் படுக்கையாகக் கிடக்கிற ஒரு கோடு. அந்தக் கோடுதான் முதுகு. எருக்கலம் பஞ்சுக்குப் பதிலாக என் சட்டைப் பையில் குழந்தைப் பவுடர் போத்தல். வேலை அதே வேலை.

விக்டோரியாவின் சட்டங்கள் எளியவை, கண்டிப்பானவை. மரைக்கு 0.270 அங்குலத்துக்குக் குறைந்த துவக்கு கூடாது, 130 கிரெயினுக்குக் குறைந்த குண்டு கூடாது. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு வேட்டை இல்லை. நாய் வைத்துத் துரத்துபவர்களுக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரை பருவம். என்னைப் போலக் காலால் தேடிப் போகிறவனுக்கு அரசுக் காடுகளில் வருடம் முழுக்க. என்னிடம் இருப்பது .308, ஒவ்வொரு வெடிக்கும் கையால் பூட்டு இழுக்கும் ரகம். ஒரு வெடிக்கு மேல் வேண்டியிருந்தால் முதல் வெடியே வைத்திருக்கக் கூடாது.

இனி என் வெட்கக்கேடு. 2011 ஜூலை. லிகோலாவுக்கு வடக்கே, மக்கலிஸ்டர் ஆற்றின் மேற்பக்கத்து மலை. காரை முகட்டுப் பாதையில் விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். இறங்குவது எப்போதும் சுகம். நாலு மணிக்குச் சற்று முன்னர் எனக்கும் கீழே, எதிர்ச்சரிவில், ஒரு பிணை முட்பற்றைக் கொழுந்து கடித்துக்கொண்டு நின்றது. 90 மீற்றர் இருக்கும். மூன்று வருடமாக நான் தேடி வந்தது. ஐயாவின் குரல் காதில் வந்தது என்று எழுதினால் பொய். ஒன்றும் வரவில்லை. சுட்டேன். முன்தோளுக்குப் பின்னால் சரியாகப் பட்டது. பிணை இருபது அடி ஓடி, சரிந்து, ஓடைக்குள் உருண்டு விழுந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். ஓடைக்கு இறங்கி அதன் பக்கத்தில் நின்றபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கார் 400 மீற்றர் உயரத்தில். ஐந்து மணிக்குச் சூரியன் போய்விட்டது. பிணையின் உயிரெடை 130 கிலோவுக்குக் குறையாது. எலும்பு கழற்றினாலும் இறைச்சி 50 கிலோ வரும். கையில் ஒரு கத்தி, தலையில் ஒரு லைட், நானும் அந்த ஓடையும்.

முதுகு இறைச்சிப் பட்டைகள் இரண்டு, ஒரு பின்தொடை, ஒரு முன்கால். அவற்றை எடுத்துக்கொண்டு ஏறினேன். பன்னம் பிடித்து, வேர் பிடித்து, மழைக்குள் நாலரை மணி நேரம். இரண்டு முறை விழுந்தேன். இரண்டாவது முறை விழுந்த இடத்தில் கொஞ்சநேரம் எழும்பாமலே கிடந்தேன்; அந்த இருட்டில் அட்டை கழுத்தில் ஏறியதுகூடத் தெரியவில்லை. மீதியை விடிய எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். விடிய முகடு முழுக்கப் பனி. பத்து மணிக்கு மேல் இறங்கிப் பார்த்தபோது காட்டுநாய்களும் நரியும் வந்து போயிருந்தன. தோளெலும்பு வெள்ளையாகக் கிடந்தது. பாதி மானை நான் கொன்று எறிந்திருந்தேன்.

கிழவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. தேநீர் போட்டுக்கொண்டே, காலையில் காரைக் கீழே ஆற்றுப் பாதையில் விடு, மானை மேலே தேடு என்றார். காற்றும் அப்போது கீழ்நோக்கித்தான் வழியும், சுமையும் கீழ்நோக்கித்தான் வரும். இரண்டு மணிக்குப் பிறகு பள்ளத்தில் நிற்கிற மானைப் பார்க்கலாம், சுடக் கூடாது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு ஐயா முப்பது வருடத்துக்கு முன்பே மூன்று சொல்லுக்குள் சொல்லிவிட்டார். தட்டை நிலத்தில் கேட்டதை மலையில் புரிந்துகொள்ள எனக்குப் பாதி மரை செலவானது.

அதற்குப் பிறகுதான் கராஜில் தராசு வந்தது.

இன்றைக்கு என் கணக்கு இது. பையின் பாரம் 12. திரும்பும்போது ஒரு நடைக்கு மேலதிகமாக 20, அதற்கு மேல் இல்லை. ஒரு பிணைக்கு மூன்று நடை. ஒரு நடை போய்வர ஒரு மணி நேரம் என்றால், இருட்டுவதற்கு ஐந்து மணி நேரம் முன்பாவது வெடி விழவேண்டும். உரிக்க, வெட்ட ஒன்றரை மணி போகும். வயிற்றைத் திறப்பதில்லை. மானை ஒரு பக்கமாகச் சரித்து, முதுகுத்தோலைக் கீறி, அந்தப் பக்கத்து முதுகுப் பட்டை, முன்கால், பின்தொடை, கழுத்து என்று கழற்றி, பருத்திப் பைகளில் போட்டுக் காற்றோட்டமாகக் கொப்பில் தொங்கவிட்டு, பிறகு மறுபக்கம் திருப்புவது. இறைச்சிக்கு முதல் எதிரி ஈயல்ல, சூடு. தொடை எலும்பைச் சுற்றிய சதை ஆறாவிட்டால் ஒரே இரவில் புளித்துவிடும். பையில் எது குறைந்தாலும் இரண்டு குறையாது: வெறும் பருத்திப் பைகள், ஆபத்தில் அழுத்தினால் மீட்புக்காரருக்கு இடம் சொல்லும் சிறிய கருவி. கைபேசி அந்த மலைகளில் மணிக்கூடு மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் பங்கு. இங்கே வேட்டை இறைச்சி விற்கக் கூடாது, அதனால் எல்லாம் கொடுப்பதுதான். பென்டில் ஹில்லில் தங்கை வீடு, வென்ட்வேர்த்வில்லில் இரண்டு வீடு. மரை இறைச்சியில் கொழுப்புக் குறைவு. ஆட்டிறைச்சி மாதிரி அவசரப்படுத்தினால் கயிறாகிவிடும். மனைவி வறுத்த யாழ்ப்பாணத் தூளில் பிரட்டி, ஒரு இரவு வைத்து, அடுத்த நாள் மெல்லிய நெருப்பில் மூன்று மணி நேரம் விடுவா. இப்போதெல்லாம் அவ என்னோடு கோபிப்பதில்லை. வேட்டை முடிந்து மூன்று நாள் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போகாமல் நான் நிற்பதைத்தான் பகிடி பண்ணுவா. "மானைத் தேடி வந்த வேடன் எண்டு சொல்லித்தானே அவரே வள்ளியிட்டைப் போனவர். உங்களை மட்டும் வேண்டாமெண்டு சொல்லுவாரோ?"

மரையைச் சுடுவது சரியா என்று சில இளையவர்கள் கேட்பார்கள். பிறந்த மண்ணில் மரை அருகிவரும் இனம். உலகப் பட்டியலில் பாதிக்கப்படக்கூடியது என்று இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் அதற்குச் சிறுத்தை இருக்கிறது. விக்டோரிய மலையில் கன்றைப் பிடிக்கக் காட்டுநாய் உண்டு, வளர்ந்த கலையைத் தொட ஒன்றுமில்லை. மலையுச்சிச் சதுப்புகளை மிதித்துக் குழப்பி, அரிய மரங்களைக் கொம்பால் பட்டை உரித்துக் கொல்கிறது. இருந்தும் விக்டோரியாவில் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேட்டை விலங்கு. எல்லை தாண்டி நியூ சவுத் வேல்ஸில் கால் வைத்தால் பீடை. விக்டோரிய வேட்டைக்காரர்கள் 2019இல் சுட்ட மான்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல் என்று அங்குள்ள வேட்டை நிர்வாக அமைப்பு மதிப்பிட்டது. என் இரண்டு, மூன்று மரை அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை. காட்டைக் காப்பாற்றப் போகிறேன் என்று நான் துவக்கு எடுப்பதில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு போகிறவன் பாதி மானைக் காட்டில் விட்டு வரவும் காரணம் கண்டுபிடிப்பான்.

போன குளிர்காலம் மருமகனோடு போனேன். தங்கையின் மகன். இங்கே பிறந்தவன், தன் அனுமதிப்பத்திரம், தன் துவக்கு. எனக்கு இப்போது இடது முழங்கால் இறக்கத்தில் சொல்வழி கேட்பதில்லை. மூன்று நாள் காலையில் ஆற்றுப் பாதையிலிருந்து மேலே தேடினோம். ஒன்றும் இல்லை. கடைசி நாள் பின்னேரம் சும்மா பார்ப்போம் என்று முகட்டுப் பாதையால் நடந்தோம். மூன்று மணி. கீழே, பன்னங்களுக்கு நடுவில், ஒரு கலை. கொம்பு முழுக்க ஈரம். இருபது வருடத்தில் அப்படி ஒன்றை ஐந்து முறைகூடக் கண்டதில்லை.

அவன் முழந்தாளிட்டுத் துவக்கை எடுத்தான். நான் வாய் திறக்கவில்லை. ஐயாவின் அந்த இரண்டு சொல்லை அவனிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. 2011 கதையை மட்டும் சொல்லியிருந்தேன். தொலைநோக்கிக்குள் நெடுநேரம் பார்த்தான். பிறகு கண்ணை எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்தான். பள்ளத்தைப் பார்த்தான். கடைசியாக என் முழங்காலைப் பார்த்தான்.

பூட்டை இழுத்துத் தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"வாங்கோ மாமா, போவம்."

எங்கள் மணம் கீழே வழிந்திருக்க வேண்டும். பின்னால் ஒரு முறை அந்தப் பஸ் ஹோன் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்காமல் என் தோளிலிருந்த பையையும் கழற்றித் தன் முன்பக்கம் மாட்டிக்கொண்டான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.